மருந்து வண்டியைச் சுற்றி ஒரு சின்னப் பூசை

விதி தெளிவானது. பொறுப்பேற்க வருபவர் வந்து, ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் கேட்டறிந்து, கையெழுத்திட்டு ஏற்கும்வரை, பொறுப்பில் இருக்கும் தாதிய உத்தியோகத்தர் தன் கடமை இடத்தை விட்டு அகலக் கூடாது. வீட்டில் பிள்ளை அழுதாலும் சரி, வாசலில் கணவன் மோட்டார் சைக்கிளில் இருந்து ஹோர்ன் அடித்தாலும் சரி. இதை நான் பயிற்சிக் காலத்தில் மனப்பாடம் செய்தேன். பிறகு ஓய்வு பெறும்வரை மற்றவர்களுக்கு மனப்பாடம் செய்வித்தேன். நல்ல விதி. ஆனால் எல்லாரும் ஒன்றாக நின்று நோயாளிகளைப் பற்றிப் பேசும் நேரம் கடமையா, வெறும் கதையா என்று அந்த விதி சொல்வதில்லை. மேலிடத்தைக் கேட்டோம். பதில் வந்தது. வந்த விதத்தைத்தான் எழுதப் போகிறேன்.

எழுத வைத்தது சென்ற மாதம் எங்கள் பழைய ஆஸ்பத்திரியில் நடந்த ஒரு செயலமர்வு. ஓய்வு பெற்றவர்களையும் அழைத்திருந்தார்கள். கதிரைகள் நிரம்ப வேண்டும் அல்லவா? கொழும்பிலிருந்து வந்த ஒருவர் திரையில் வண்ணப் படங்களைக் காட்டினார். விடுதி ஊழியர் எல்லாரும் தினமும் காலையில் சில நிமிடம் ஒன்றாக நின்று, அன்றைக்கு எந்த நோயாளிக்கு என்ன ஆபத்து என்று பேசிக்கொள்வது, உலகம் இப்போது கண்டுபிடித்திருக்கும் புதிய முறை என்றார். அதற்கு 'ஹடில்' என்று பெயராம். நான் மூன்றாம் வரிசையில் இருந்து பற்றீஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் இருந்த இளம் தாதி என் காதுக்குள், "சிஸ்டர், இது நீங்கள் அந்தக் காலத்திலயே செய்ததாமே, உண்மையோ?" என்று கேட்டாள்.

'அந்தக் காலம்' என்பதைப் பொறுத்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் முகநூலும் கைத்தொலைபேசியும் தாராளமாக இருந்தன. இல்லாதிருந்தால் இந்தக் கதைக்கு இடமே இருந்திராது.

என்னைப் பற்றிக் கொஞ்சம். மூன்று வருடம் யாழ்ப்பாணத்தில் படித்தேன். படுக்கை விரிப்பின் மூலையை எப்படி மடிப்பது, சாகப் போகிறவரின் உறவினர் முன் எப்படி முகத்தை வைத்துக்கொள்வது, மருத்துவர் பிழை விடும்போது அது அவருடைய யோசனைதான் என்று அவரே நம்பும்படி எப்படித் திருத்துவது ஆகிய மூன்றையும் கற்றேன். மிச்சமெல்லாம் புத்தகத்தில் இருந்தது. பிறகு மன்னாருக்கு வந்து, நர்ஸாக இருந்து, விடுதிப் பொறுப்பாளரானேன். அந்தப் பதவிக்கு எங்கள் நாட்டில் 'சிஸ்டர்' என்று பெயர். இந்தக் கரையில் சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரி. எனவே எனக்கு இரண்டு பிள்ளைகள் இருப்பதை அறிந்த புது நோயாளிகள் சிலர், நான் எப்போது மடத்தை விட்டு வெளியே வந்தேன் என்று இரக்கத்தோடு விசாரித்ததுண்டு.

எங்கள் காலைக் கூட்டம் தொடங்கியது இரண்டு துண்டு பாணால்.

எங்கள் விடுதியில் ஒருவருக்குச் சத்திரசிகிச்சை ஏற்பாடாகியிருந்தது. அந்தச் சத்திரசிகிச்சை நிபுணர் வேறு ஊரிலிருந்து கிழமைக்கு ஒரு தடவை வருபவர். நோயாளியை இரவு முழுக்கப் பட்டினி போட வேண்டும். போட்டோம். இரவு நர்ஸ் காலை நர்ஸிடம் சொன்னாள். காலை நர்ஸ் தலையாட்டினாள். ஆனால் சாப்பாடு பரிமாறும் அட்டென்டன்ட் பெனடிற்றாவிடம் யாரும் சொல்லவில்லை. பெனடிற்றாவுக்குத் தாராள மனசு, அதைவிடத் தாராளமான கை. "பாவம், வாடிப்போய்க் கிடக்கிறார்" என்று அவருக்கு இரண்டு துண்டு பாணும் சம்பலும் கூடுதலாகவே கொடுத்திருந்தாள். நிபுணர் கையுறை போட்டு நின்றபோது நோயாளி ஏப்பம் விட்டார். நிபுணர் கையுறையைக் கழற்றிவிட்டு வந்த வழியே போனார். நோயாளி இன்னொரு கிழமை வலியோடு கிடந்தார்.

பெனடிற்றாவைக் கூப்பிட்டேன்.

"ஏன் குடுத்தனீ?"

"குடுக்க வேண்டாம் எண்டு ஆர் சொன்னது, சிஸ்டர்? நீங்கள் எல்லாம் காதுக்கை காதுக்கை குசுகுசுத்துப் போட்டுப் போறியள். நான் என்ன சம்மனசோ, எல்லாத்தையும் தானா அறிய?"

பிழை எங்களுடையது என்று ஒப்புக்கொண்டேன். இது அடிக்கடி நடப்பதல்ல.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு, போகிறவர்கள், வருகிறவர்கள், அட்டென்டன்ட், துப்புரவுக்காரர், தலைமயிர் இன்னும் காயாத இளம் டொக்டர் எல்லாரையும் விடுதி நடுவில் மருந்து வண்டியைச் சுற்றி நிற்க வைத்தேன். இருக்கக் கூடாது. கதிரையைக் கண்டால் மனிதருக்குக் கருத்துகள் பெருகும். ஒருவர் ஒரு விஷயம்தான் சொல்லலாம்: 'இன்றைக்கு எனக்குப் பயம் தருவது எது?' பதவியில் குறைந்தவர் முதலில் பேச வேண்டும். நான் முதலில் பேசினால் மற்றவர்கள் "ஓம் சிஸ்டர்" என்று மட்டும் சொல்வார்கள்; அதைக் கேட்க ஒரு கூட்டம் தேவையில்லை.

முதல் நாள் பெனடிற்றா, "எனக்குப் பயம் தாறது நீங்கள்தான், சிஸ்டர்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு, "அதோட மூலைக் கட்டில் அம்மா ராத்திரிச் சாப்பாட்டைச் சாப்பிடாமல் தலைமாட்டில ஒளிச்சு வச்சிருக்கிறா" என்றாள். அதை எங்களில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. அன்றைக்கே கூட்டம் தன் சம்பளத்தை உழைத்துவிட்டது.

பெயர் வைத்ததும் பெனடிற்றாதான். நின்றபடி நடக்கிறது, சுருக்கமாக முடிகிறது, பிரசங்கம் இல்லை என்பதால் 'சின்னப் பூசை' என்றாள். எங்கள் நர்ஸ் ரிசானா முசலிக் கரை முஸ்லிம் பெண். அவள் ஒவ்வொரு நாளும் வண்டியடிக்கு வரும்போது, "பூசைக்கு வந்திட்டன், ஞானஸ்நானம் மட்டும் குடுத்திடாதேங்கோ" என்பாள்.

இனி எங்கள் மேற்றன். ஆஸ்பத்திரித் தாதியர் அனைவருக்கும் தலைவி. நெடிய உருவம், கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, பின்னால் கட்டிய கை. விடுதிக்கு வந்தால் நோயாளியைப் பார்க்க மாட்டார். கட்டில் கால்களின் சில்லுகளைப் பார்ப்பார். சில்லுகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருக்க வேண்டும். தலையணை உறையின் திறந்த வாய் வாசலுக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். இவை சரியென்றால் நோயாளியும் சரியாகத்தான் இருப்பார் என்பது அவருடைய துணிபு. வெட்கக்கேடு என்னவென்றால், அது பெரும்பாலும் உண்மையாகவே இருந்தது. நாங்கள் என்ன சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தூங்கிவிட்டார் என்று நாங்கள் எண்ணும் கணத்தில் கண்ணைத் திறந்து, "இதுக்குக் கடிதம் இருக்கோ?" என்பார். வெள்ளிக்கிழமைகளில் திருக்கேதீஸ்வரம் போய்விட்டுத் திருநீற்றோடு வருவார். அன்றைக்குக் கொஞ்சம் இரக்கம் இருக்கும் என்று நம்பி லீவு விண்ணப்பங்களை வெள்ளிக்கிழமையே கொண்டுபோவோம். சிவபெருமானுக்கு அந்தப் பெண்மணியிடம் அவ்வளவு செல்வாக்கு இருக்கவில்லை.

சின்னப் பூசை அவர் காதுக்கு எட்டியது. அழைத்தார்.

"கூட்டம் நடத்துறியளாம்."

"கூட்டம் இல்லை, மேடம். நிண்டு கதைக்கிறம்."

"நிண்டு கதைக்கிறதுக்கு ஏன் நேரம் குறிச்சிருக்கு?"

"எல்லாரும் வரவேணுமே."

"எல்லாரும் வந்தால் அது கூட்டம். கூட்டம் எண்டால் அனுமதி வேணும்." கண் மூடினார். திறந்தார். "எழுதித் தாங்கோ."

எழுதினேன். காலையில் ஊழியர் கூடிப் பேசும் இந்தச் சில நிமிடங்களைக் கடமையின் பகுதியாகக் கருதலாமா என்று கேட்டு ஒரு பக்கம். மேற்றன் தன் சிபார்சை எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். பதில் இல்லை. மாதம் ஒரு நினைவூட்டல் அனுப்பினார். முதலாம் நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல் என்று, அரசர்களின் பெயர்களைப் போல அவை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நாங்கள் வண்டியைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தோம்.

இப்படி இருக்கையில்தான் சவிரி ஐயா ஏழாம் கட்டிலுக்கு வந்தார்.

பள்ளிமுனைக்காரர். கடலில் முதுமை அடைந்தவர். சீனி வருத்தம் நெடுநாளாக. காலில் திருக்கை முள் குத்திய காயம் ஆறாமல் நாறத் தொடங்கிய பிறகே வந்திருந்தார். மருந்து நரம்பு வழியாக ஏறியது, இன்சுலின் காலையும் மாலையும். காலைக் காப்பாற்றலாம் என்று டொக்டர் நம்பினார். ஐயாவுக்குக் காலைப் பற்றிய கவலை இருக்கவில்லை. அவருடைய மகன் புது வள்ளம் எடுத்திருந்தான். அதற்குச் சவிரி ஐயாவின் காலஞ்சென்ற மனைவி திரேசாவின் பெயரை வைத்திருந்தான். பங்குச் சுவாமி வந்து செபித்து மந்திரித்து, தண்ணீரில் இறக்க வேண்டும். தகப்பன் கட்டிலில் கிடக்கிறாரே, நாளைச் சொன்னால் எழுந்து வந்துவிடுவாரே என்று மகன் நாளை மறைத்துவிட்டான். ஆனால் ஆஸ்பத்திரியில் எதையும் மறைக்க முடியாது. பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்த பள்ளிமுனைப் பெண் ஒருத்தி, "வெள்ளிக்கிழமை வள்ளம் மந்திரிப்பு, உங்களுக்குத் தெரியாதோ?" என்று கேட்டுவிட்டுப் போனாள். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை விடிய இரவுக் கடமையில் ரிசானா இருந்தாள். காலைச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய இன்சுலினைப் போட்டாள். இன்சுலின் போட்டால் சற்று நேரத்தில் சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் இரத்தத்தில் சீனி இறங்கி, மனிதன் வியர்த்து, உளறி, மயங்கி, கவனிக்காமல் விட்டால் இறந்தும் போவான். சாப்பாடு எப்போதும் நேரத்துக்கு வரும். அன்றைக்குப் பாண் வான் பிந்தியது. ஏழு மணியானது. வண்டியைச் சுற்றி வட்டமாக நின்றோம். பெனடிற்றா பேசினாள். பிறகு ரிசானா.

"ஏழாம் கட்டில் சவிரி ஐயா. ராத்திரி திரும்பத் திரும்ப இண்டைக்கு என்ன கிழமை எண்டு கேட்டவர். எங்கயோ போற யோசனை போல. ஊசி போட்டாச்சு, இன்னும் சாப்பிடேல்லை. அவரை ஒருத்தர் கண்ணுக்குள்ள வச்சுக்கொள்ளுங்கோ."

எல்லாரும் தலையாட்டினோம். யார் கண்ணுக்குள் வைப்பது என்று பேசினோம். பெனடிற்றா தான் வைப்பதாகச் சொன்னாள். டொக்டர், கதவருகே இருக்கும் அவருடைய கட்டிலை உள்ளே மாற்றினால் நல்லது என்று ஆலோசனை சொன்னார். நல்ல ஆலோசனை. அனைவரும் திருப்தியோடு ஏழாம் கட்டிலைத் திரும்பிப் பார்த்தோம்.

கட்டில் காலி. விரிப்பு மட்டும் கசங்கிக் கிடந்தது.

நோயாளி காணாமற் போனால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் ஒழுங்கு உண்டு. மலசலகூடம் பார்க்க வேண்டும். டொக்டருக்கு, மேற்றனுக்கு, வாசற் காவலாளிக்கு, பொலிசுக்கு இந்த வரிசையில் அறிவிக்க வேண்டும். அறிக்கை எழுத வேண்டும். எல்லாம் சரி, ஆனால் இரத்தத்தில் ஏறிய இன்சுலின் அறிக்கை எழுதி முடியும்வரை பொறுத்திராது. காவலாளியிடம் ஓடிய பெனடிற்றா மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

"சிஸ்டர், காலில பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு போனவராம். காவல்காரன் எங்க எண்டு கேக்க எக்ஸ்ரே எடுக்கப் போறன் எண்டவராம். இவனும் ஓட்டோ பிடிச்சுக் குடுத்திருக்கிறான். பள்ளிமுனைக்கு!"

ரிசானா என்னைப் பார்த்தாள். அவளுடைய கடமை நேரம் முடிந்திருந்தது. ஆனால் நோயாளிகளைக் கையளித்து முடியவில்லை. ஆகவே விதிப்படி அவள் இன்னும் கடமையில்தான் இருந்தாள், அகலக் கூடாது. அவளை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்த கணவன் நவாஸ் வெளியே மோட்டார் சைக்கிளில் காத்திருந்தான்.

"சிஸ்டர், போகட்டே?"

நான் 'போ' என்று சொல்லவில்லை. "குளுக்கோஸ் பக்கெற்றை எடு" என்றேன்.

பள்ளிமுனையில் நடந்ததை நவாஸ் எனக்குச் சொன்னான். அவன் சொன்னால்தான் அதற்குச் சுவை. கரையில் புது வள்ளம், பூமாலை, கடதாசிக் கொடி. சுவாமி தீர்த்தம் தெளித்துக்கொண்டிருந்தார். சற்றுத் தள்ளி, ஒரு வலைக் குவியலில் சாய்ந்தபடி சவிரி ஐயா. உடம்பெல்லாம் வியர்வை. நாக்குக் குழறியது. மற்றவர்கள் பேசுவது அவருக்கு விளங்கவில்லை, அவர் பேசுவது ஒருவருக்கும் விளங்கவில்லை. ஊர் உடனே தீர்ப்பு வழங்கியிருந்தது.

"விடியக் காலமையே போட்டிட்டார்."

மகன் வெட்கத்தில் பொரிந்துகொண்டிருந்தான். "ஆஸ்பத்திரியில இருந்து நேரா தவறணைக்கே போனனீங்கள்? சுவாமிக்கு முன்னால மானத்தை வாங்குறியளே! அம்மான்ரை பேரில வள்ளம்!"

வெள்ளைச் சீருடையில் ரிசானா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். "தம்பி, விலகுங்கோ. வெறி இல்லை இது. சீனி இறங்கிட்டுது. தண்ணி கொண்டு வாங்கோ."

தண்ணீரை முந்திக்கொண்டு விருந்துக்கு வைத்திருந்த சோடாப் போத்தல் ஒன்று வந்தது. முதலில் அவரை நிமிர்த்தி, விழுங்க முடிகிறதா என்று துளி கொடுத்துப் பார்த்தாள். விழுங்கினார். குளுக்கோஸைச் சோடாவில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினாள். சுவாமி தீர்த்தச் செம்போடு அப்படியே நின்றார். சிறிது நேரத்தில் ஐயாவின் கண் தெளிந்தது. ரிசானாவைப் பார்த்தார்.

"பிள்ளை, பாண் வந்திட்டுதோ?"

"வந்திட்டுது. உங்களைத்தான் காணேல்லை."

"நீ ஏன் இங்க வந்தனீ?"

"எக்ஸ்ரே எடுக்க வந்தனான்."

ஊர் அப்போதுதான் சிரித்தது. மகன் தகப்பனின் காலடியில் இருந்து விம்மினான். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றாள் ரிசானா. வள்ளம் தண்ணீரைத் தொடாமல் வரமாட்டேன் என்றார் ஐயா. இரண்டு பிஸ்கற்றும் ஒரு வாழைப்பழமும் சாப்பிட்டால் விடுவேன் என்றாள். ஒப்பந்தம் முடிந்தது. வள்ளத்தைத் தள்ளினார்கள். வாழைப்பழத்தை மென்றபடி அழுதார் சவிரி ஐயா. பிறகு ஓட்டோவில் ஏறினார்.

ஒரு மனிதனின் உயிர் மிஞ்சியது, காலும் பிறகு மிஞ்சியது. கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மந்திரிப்பை யாரோ கைத்தொலைபேசியில் படம் பிடித்து முகநூலில் போட்டுவிட்டார்கள். கனடாவில் இருக்கும் பள்ளிமுனை உறவினரெல்லாம் பார்த்து மகிழ்ந்தார்கள். மேலிடத்தில் ஒருவரும் பார்த்தார். அவர் மகிழவில்லை. கடமை நேரத்தில், சீருடையோடு, கையில் சோடாப் போத்தலோடு, கடற்கரை விருந்து ஒன்றில் ஒரு தாதிய உத்தியோகத்தர் நின்றது ஏன் என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. எங்களுக்குப் பதில் எழுத நேரமில்லாதவர்களுக்குக் கேள்வி எழுத நேரம் இருந்தது.

மற்ற எந்த வருடமாக இருந்தாலும் சிரித்துவிட்டு விளக்கம் எழுதியிருப்போம். அந்த வருடம் ரிசானா கொழும்பில் நடக்கும் தீவிர சிகிச்சைப் பயிற்சிக்குத் தெரிவாகியிருந்தாள். எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரே ஓர் இடம். புதிதாகக் கட்டிய தீவிர சிகிச்சைப் பிரிவு பயிற்சி பெற்ற ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்தது. கடுமையான நோயாளிகளை அம்புலன்சில் வெளியூருக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம், எல்லாரும் போய்ச் சேரவில்லை. ரிசானா முன்பு விண்ணப்பித்து இரண்டு தரம் தவறியவள். வயதெல்லை வேறு நெருங்கிவிட்டது. இம்முறை போகாவிட்டால் இனி எப்போதும் இல்லை. விசாரணை நிலுவையில் உள்ள ஒருவரைப் பயிற்சிக்கு விடுவிக்கக் கூடாது என்பதும் ஒரு விதி. அதுவும் எனக்கு மனப்பாடம்.

விசாரணைக்கு ஓர் உத்தியோகத்தர் வந்தார். மரியாதையான மனிதர், தண்ணீர் கேட்கும்போதும் 'தயவுசெய்து' என்பார். மேற்றனின் கந்தோரில் எல்லாரும் இருந்தோம்.

"அந்த நேரத்தில் இவர் ஏழாம் கட்டிலருகே ஏன் இல்லை?"

"காலைக் கூட்டத்தில நிண்டவ" என்றேன்.

"அந்தக் கூட்டத்துக்கு அனுமதி உண்டா?"

மேற்றன் கண்ணைத் திறந்தார். "கேட்டிருக்கிறம்."

"கிடைத்ததா?"

"கிடைக்கேல்லை. இல்லை எண்டும் கிடைக்கேல்லை."

அவர் என் பக்கம் திரும்பினார். "வெளியே போக இவருக்கு நீங்கள் அனுமதி கொடுத்தீர்களா?"

"குளுக்கோஸ் எடுக்கச் சொன்னனான், சேர்."

"அது அனுமதியா?"

"அது மருந்து."

மேற்றனின் வாயோரம் எதுவோ அசைந்தது. சிரிப்பு என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பிறகு சவிரி ஐயாவை அழைத்தார்கள். கோடு போட்ட புதுச் சறமும் இஸ்திரி போட்ட சேட்டுமாக வந்து, கதிரை நுனியில் இருந்தார்.

"நீங்கள் எப்போது வெளியேறினீர்கள், ஐயா?"

"இந்தப் பிள்ளை என்ரை பேரைச் சொல்லேக்கை."

"ஏன் அந்த நேரம் பார்த்து?"

"சேர், ராத்திரி முழுக்க இந்தப் பிள்ளை என்னைக் கண்ணுக்குள்ளயே வச்சிருந்தது. மூத்திரம் பெய்யவும் விடேல்லை. விடிய எல்லாரும் வண்டிலைச் சுத்தி நிண்டு என்னைப் பற்றிக் கதைச்சினம். எல்லாரும் ஒராளைப் பற்றிக் கதைக்கேக்கை ஒருத்தரும் அந்த ஆளைப் பாக்க மாட்டினம்தானே. எழும்பினன், போனன்."

உத்தியோகத்தர் பேனையை வைத்துவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்தார். அவருடைய தோள் குலுங்கியது.

"பிள்ளையில பிழை இல்லை, சேர்" என்றார் ஐயா. "பிழை பிடிக்கிறதெண்டால் பாண்காரனைப் பிடியுங்கோ."

அடுத்த நாளே கூட்டத்தின் அமைப்பை மாற்றினேன். மருந்து வண்டியைச் சுவரோரம் தள்ளி, எல்லாரும் சுவருக்கு முதுகு காட்டி, கட்டில்களைப் பார்த்தபடி அரைவட்டமாக நிற்க வேண்டும். பேசுபவரின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. பேசப்படுபவரின் முகத்தைப் பார்த்தால் போதும். செயலமர்வில் கொழும்புக்காரர் திரையில் காட்டிய படத்தில் எல்லாரும் அழகான வட்டமாக நின்று ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்தார்கள். நான் கையை உயர்த்தி, நோயாளி ஓடிவிடுவார் என்று சொன்னேன். நகைச்சுவை என்று எண்ணிக் கைதட்டினார்கள்.

விசாரணை அறிக்கை மேலே போனது. உத்தியோகத்தர் நியாயமாகத்தான் எழுதியிருந்தார்: காலைக் கூட்டம் கடமையா, இல்லையா என்று மேலிடம் முதலில் முடிவு செய்யட்டும், கடமை என்றால் குற்றம் இல்லை. அதாவது நான் முன்பே கேட்டுப் பதில் வராத அதே கேள்வி, இப்போது ரிசானாவின் தலையில் ஏறி இருந்தது. மேற்றன் நினைவூட்டல்களை அனுப்பினார். தொலைபேசியில் பேசினார். ஆளையும் அனுப்பினார். கோப்பு மேசையில் இருக்கிறது என்றார்கள். எந்த மேசை என்று சொல்லவில்லை.

பயிற்சிக்குப் போக வேண்டிய நாள் நெருங்கியது. ரிசானா கூட்டத்தில் பகிடி விடுவதை நிறுத்தியிருந்தாள். அவளுடைய முறை வரும்போது, "எனக்குச் சொல்ல ஒண்டும் இல்லை, சிஸ்டர்" என்பாள். பெனடிற்றா ஒருநாள் தன் முறையில், "எனக்கு இண்டைக்குப் பயம் தாறது ரிசானா மிஸ்" என்றாள். அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

கடைசி வெள்ளிக்கிழமை மேற்றனிடம் போனேன். நெற்றியில் திருநீறு. கண் மூடியிருந்தது.

"மேடம், ரிசானா திங்கட்கிழமை கொழும்பில நிக்க வேணும்."

"தெரியும்."

"விடுவிப்புக் கடிதம் இல்லாமல் அங்க எடுக்க மாட்டினம்."

"தெரியும்."

"பதில் வரேல்லை."

"அதுவும் தெரியும்." கண்ணைத் திறக்காமலே மேசைப் பேனையை நேராக வைத்தார். "அனுமதி இல்லாமல் அனுப்பி, பிறகு கூடாது எண்டு பதில் வந்தால் அவவின்ரை படிப்பைச் செல்லாது எண்டுவினம். என்ரை பென்சனிலயும் கை வைப்பினம். எனக்கு ஓய்வு வரக் கொஞ்சக் காலம்தான் இருக்கு."

"ஓம் மேடம்."

"அங்க பூட்டிக் கிடக்கிற அறையில நாலு கட்டில். ஒவ்வொரு நாளும் நான்தான் போய்ச் சில்லுகளைப் பாக்கிறனான். சில்லெல்லாம் சரியா நிக்குது. படுக்க ஆளில்லை. படுக்க வேண்டியவை மதவாச்சி தாண்ட முன்னம் அம்புலன்சுக்கை சாகினம்." கண்ணைத் திறந்தார். "ரைப் அடிச்சுக் கொண்டு வாங்கோ."

கடிதத்தைக் கொண்டுபோனேன். இதற்கு அனுமதி இருக்கிறதா என்று அவர் ஒருவரையும் கேட்கவில்லை. கையெழுத்திட்டார். ரிசானாவை அழைத்து, "படிச்சு முடிச்சால் இங்கதான் திரும்பி வரவேணும். கொழும்பு பிடிச்சுப்போட்டுது எண்டு சொல்லக் கூடாது" என்றார். ரிசானா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "சீருடையில கண்ணீர் விட்டால் கஞ்சி இளகும்" என்று கையை விடுவித்துக்கொண்டார் மேற்றன்.

மகளை உம்மாவிடம் விட்டுவிட்டு ரிசானா கொழும்புக்குப் பஸ் ஏறினாள். அதன் பிறகு தபால்காரனைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வோம். பதில் வர வேண்டும் என்று அவ்வளவு காலம் வேண்டிக்கொண்டிருந்தவர்கள், வரக் கூடாது என்று வேண்டத் தொடங்கினோம். பெனடிற்றா இரண்டுக்கும் ஒரே அந்தோனியாரிடம்தான் மெழுகுதிரி கொளுத்தினாள், அவர் குழம்பியிருப்பார். மாதம் திரும்பியது. நினைவூட்டல் போக வேண்டிய நாளில் எழுதுவினைஞர் மேற்றனிடம் கேட்டார்.

"மேடம், அடுத்த நினைவூட்டலை அனுப்புவமோ?"

"பேசாமல் இரும். இப்ப கேட்டால் பதில் சொல்லிப் போடுவினம்."

மாரி பெய்து ஓய்ந்தது. சோளகக் காற்று எழுந்து, விடுதி யன்னல்களால் மணல் வந்து கட்டில்களில் படிந்தது. ரிசானா இடையிடையே தொலைபேசியில் பேசுவாள். சோதனைகளில் நல்ல புள்ளி, சாப்பாடு சரியில்லை, மகள் தன்னை மறந்துவிட்டாளா என்ற கேள்வி. கடைசியில் எப்போதும், "பதில் வந்திட்டுதோ?" என்பாள். இல்லை என்போம். "அல்ஹம்துலில்லாஹ்" என்பாள்.

பயிற்சி முடித்து, சான்றிதழோடு வந்து, அவள் கடமை ஏற்ற அன்று மேற்றன் தீவிர சிகிச்சைப் பிரிவின் பூட்டைத் தன் கையால் திறந்தார். சுவரோரம் அரைவட்டமாக நின்றோம். எங்கள் இளம் டொக்டர், பெனடிற்றா, இரண்டு புது நர்ஸ்மார். ரிசானா நடத்த வேண்டிய முதல் கூட்டம். பதவியில் குறைந்தவர் முதலில் என்பதால் பெனடிற்றா வாயைத் திறந்தாள். அந்த நேரத்தில் கந்தோர்ப் பியோன் வந்து, மேலிடத்துக் கடிதம் என்று மேற்றனிடம் நீட்டினான்.

மேற்றன் பிரித்தார். அவர் ஒரு தரம் படித்தார். கண்ணை மூடினார். திறந்து இன்னொரு தரம் படித்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார்: காலையில் ஊழியர் ஒன்றுகூடிப் பேசுவதைக் கடமையின் பகுதியாகக் கருதலாம், எனவே குறித்த உத்தியோகத்தர் கடமை இடத்தை விட்டு விலகியதாகக் கொள்ள முடியாது, அவரைப் பயிற்சிக்கு விடுவிப்பதில் ஆட்சேபனை இல்லை.

கடிதத்தை மடித்து ரிசானாவிடம் கொடுத்தார்.

"இந்தாங்கோ மிஸ். இனி நீங்கள் கொழும்புக்குப் போகலாம்."

அன்று திங்கட்கிழமை, பெனடிற்றாவின் அந்தோனியார் திருநாளுக்கு அடுத்த நாள்.